முறிந்த விரலும் உலோகத் தகடும்



1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரத்தில் பேராசிரியர் ராண்ட்கன் தாம் புதிதாகக் கண்ட கதிர்களின் பாதையில் தம் மனைவியாரின் கையை வைத்துப் படம் எடுத்தார். தசை மங்கலாகவும், எலும்புகள் தெளிவாகவும், விரலிலிருந்த மோதிரம் தடித்த நிழலாகவும் அப்படத்தில் விழுந்தன. எலும்பையும் உலோகத்தையும் ஒருங்கே காட்டிய அப்படத்தைக் காணுந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. அன்று அந்த உலோகம் விரலுக்கு வெளியே அணியாக இருந்தது. இன்றோ, எலும்பு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் கைப்படங்கள் பலவற்றில் உலோகம் தோலுக்கு உள்ளே, எலும்பின் மேலேயே, ஒரு சிறு தகடாகவும் நான்கைந்து திருகாணிகளாகவும் காணப்படுகின்றது. அந்தத் தகடு எவ்வாறு எலும்பைத் தாங்குகிறது, எந்த அளவுக்குத் தாங்கவேண்டும், எப்பொழுது தோற்றுப்போகிறது என்பவைபற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இது மருத்துவக் கல்லூரி மாணவர்க்கே உரிய பேச்சு என்று எண்ணி வானொலிப் பெட்டியை மூடிவிடவேண்டா. நெம்புகோலைப்பற்றியும், உராய்வைப்பற்றியும், பாரம் தாங்கும் உத்திரத்தைப்பற்றியும் பௌதிக வகுப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வளவு போதும். முறிந்த எலும்பை இணைப்பவர் ஒரு கையால் மருத்துவமும் மறு கையால் பொறியியலும் செய்பவரே ஆவார்.

ஒரு கையில் இருபத்தேழு எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் எட்டு; விரல்களில் பதினான்கு; இவ்விரண்டுக்கும் நடுவே, புறங்கையைத் தடவிப் பார்த்தால் கோல்கள்போல் தட்டுப்படும் அங்கை எலும்புகள் ஐந்து. அங்கை எலும்புகளும் விரல் எலும்புகளும் சிறியவை. ஒரு சுண்ணக்கட்டியின் பருமன்தான் இருக்கும். ஆயினும் அவை தாங்கும் விசை சிறிதன்று. விரலின் நுனி மூட்டிலிருந்து தொலைவில் உள்ளது. விரலை மடக்கும் தசைநாணோ மூட்டுக்கு மிக அருகில், சில மில்லிமீட்டர் தொலைவில் செல்கிறது. கிணற்று ஏற்றத்தின் நீண்ட முனையில் சிறிய சாலைக் கட்டினாலும் குட்டை முனையில் பெருங்கல்லை ஏற்றவேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அதே கணக்குத்தான். கட்டைவிரல் நுனியால் ஒரு கிலோகிராம் விசையில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, மணிக்கட்டை ஒட்டிய அவ்விரலின் அடிமூட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோகிராம் அமுக்கம் விழுகின்றது என்று கூனி, சாவோ என்னும் ஆய்வாளர் இருவர் 1977-இல் கணக்கிட்டுக் காட்டினர். கையை இறுகப் பற்றும்போது அவ்வமுக்கம் நூறு கிலோகிராமையும் கடந்துவிடக்கூடும்.

இத்தகைய கணக்குகளைக் கையறுவை மருத்துவத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்களுள் ஒருவர் நமக்கு அயலார் அல்லர். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு அவர்களே அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி உயிர்கொடுத்த அவர், எந்தத் தசைநாண் மூட்டின் அச்சிலிருந்து எத்துணைத் தள்ளிச் செல்கிறது, அதனால் அதற்கு எத்துணை ஆற்றல் என்பதையெல்லாம் ஆராய்ந்து, கையின் இயந்திரவியல்பற்றி 1985-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

சரி, இந்த எலும்பு எவ்வாறு முறிகின்றது? வகுப்பில் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். அது குறுக்காக, ஏறக்குறைய நேர்கோட்டில் முறியும். இன்னொன்றை எடுத்து முறுக்குங்கள். இம்முறை முறிவு திருகுசுருளாக நீண்டு ஓடும். எலும்பும் அப்படியே. புறங்கையின்மேல் பாரமான பொருள் விழுந்தால் குறுக்கு முறிவு. விரல் எதிலேனும் சிக்கித் திருகிக்கொண்டால் சுருள் முறிவு. சினத்தால் சுவரைக் குத்துவோர்க்குச் சுண்டுவிரலின் அங்கை எலும்பு கழுத்துப் பகுதியில் முறிவது வழக்கம். இது இளைஞர்களிடமே மிகுதியாகக் காணப்படும் முறிவு. சுவருக்கு ஒன்றும் நேர்வதில்லை.

முறிந்த எலும்பை நேராக்கிப் பத்தை வைத்துக் கட்டிவிட்டால் தானே கூடிவிடாதா என்று கேட்பீர்கள். கூடும். கையில் ஏற்படும் முறிவுகளுள் பெரும்பாலானவை அவ்வாறு கூடுகின்றவையே. அவற்றுக்குத் தகடு வேண்டுவதில்லை. ஆனால் கைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எலும்பு கூடினால் மட்டும் கை பிழைத்துவிடுவதில்லை. விரல் எலும்பைச் சுற்றித் தசைநாண்கள் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். மூட்டுகளின் உறைகள் நெகிழ்ந்து கொடுக்கவேண்டும். முறிவினால் கசிந்த இரத்தமும் நீரும் இவ்விடைவெளிகளில் உறைந்து, அசையாமல் கிடக்கும் தசைநாணை எலும்போடு ஒட்டவைத்துவிடுகின்றன. நான்கு வாரங்களுக்கு மேல் கட்டிலேயே கிடந்த விரல் பழைய அசைவை முழுதும் மீட்பது அரிது. எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். அந்த விரலோ சோற்றுக் கவளத்தைத் திரட்டவும் உதவாமல் கோல்போல் நீட்டி நிற்கும். தச்சருக்கும் நெசவாளருக்கும் எழுத்தருக்கும் இது எத்தகைய இழப்பு என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே கையில் தகடு வைப்பதன் நோக்கம் எலும்பைக் கூடவைப்பது மட்டுமன்று. எலும்பு கூடுவதற்கு முன்பே, சில நாட்களுக்குள்ளாகவே, விரலை அசைக்க இடந்தருவதே அதன் உண்மையான நோக்கம். தகடு பொருத்திய கையை மறுபடியும் ஆறு வாரம் கட்டி வைப்பது, வண்டி வாங்கிக் கொட்டிலில் நிறுத்திவிட்டு நடந்து செல்வதை ஒக்கும் என்பது என் கருத்து.

எலும்பு வரிசை தவறிக் கூடினாலும் கேடு உண்டு. உங்கள் கையையே பாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கைப் பக்கம் மடக்கினால், நுனிகள் யாவும் கட்டைவிரலின் அடிப்பக்கத்து மணிக்கட்டை நோக்கிச் சாய்வதைக் காணலாம். அங்கை எலும்பு ஐந்து பாகை திரும்பிக் கூடிவிட்டால், மடக்கும்போது விரல்நுனி ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் விலகிப் பக்கத்து விரலின்மேல் ஏறிக்கொள்ளும். விரல் நீட்டியிருக்கும் நிலையில் இக்குறை கண்ணுக்கே தெரியாது. அங்கை எலும்பு இரண்டு மில்லிமீட்டர் குறுகிக் கூடினால், விரலை நீட்டும் தசைநாண் தளர்ந்து, நீட்டுவதில் ஏறத்தாழ ஏழு பாகை குறையும். தொடை எலும்பில் இரண்டு மில்லிமீட்டரை எவரும் பொருட்படுத்தார். விரலில் அது கணக்குக்கு வருகிறது.

உலோகத் தகட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1886-இல் ஹாம்பர்க் நகரத்து ஹான்ஸ்மன் என்னும் மருத்துவர் எலும்பின்மேல் தகட்டைத் திருகி, திருகாணிகளின் தண்டுகளும் தகட்டின் ஒரு முனையும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு அமைத்தார். மறுபடியும் அறுக்காமல் வெளியே எடுப்பதற்கான சூழ்ச்சி அது. இலண்டனில் லேன் என்பார் எஃகுத் தகடுகளை வைத்தார். அவ்வெஃகு உடலின் உப்பு நீரில் அரித்துப் போயிற்று. பெல்ஜியத்தில் ஆல்பின் லம்பாத் என்பார் வந்தார். வயலின் செய்வதில் வல்லவர் அவர். தம் கருவிகளையும் தகடுகளையும் தாமே வடிவமைத்துக்கொண்டார். மரத்தில் விரிசல் விழாமல் வேலை செய்யத் தெரிந்த கை, எலும்பிலும் அதே நிதானத்தோடு வேலை செய்ததில் வியப்பில்லை. உடலுக்குள் இரு வேறு உலோகங்கள் இருந்தால், உப்புக் கரைசலில் இரு தகடுகளை நிறுத்தியதுபோல் மின்கலம் உருவாகி அரிப்பு உண்டாகின்றது என்பதை 1937-இல் அமெரிக்காவில் வெனபிள், ஸ்டக் முதலியோர் எடுத்துக் காட்டினர். முறிந்த முகங்களைத் தகட்டால் நெருக்கி அமுக்கினால், எலும்பு சுற்றிலும் புடைத்துத் திரளாமலே நேரடியாகக் கூடும் என்று பிரசெல்ஸ் நகரத்து ராபர்ட் டானிஸ் 1949-இல் எழுதினார். அவரைச் சென்று கண்ட மாரிஸ் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர், நண்பர்களோடு கூடி 1958-இல் தம் நாட்டில் ஒரு கழகம் அமைத்தார். தகடு வைப்பதை ஒவ்வொருவரின் கைத்திறமையாக விட்டுவிடாமல், அளந்து ஆராயும் கலையாக ஆக்கியது அக்கழகமே.

இனி இயந்திரவியலுக்கு வருவோம்.

உங்கள் பெட்டியிலுள்ள மரக் கோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் முப்பது மில்லிமீட்டர், கனம் மூன்று மில்லிமீட்டர் என்று கொள்வோம். தட்டையாகப் பிடித்து வளைத்தால் எளிதில் வளையும். செங்குத்தாக நிறுத்தி வளைத்தால் அசைந்து கொடுக்காது. அதே மரம், அதே அளவு. ஆயினும் நிறுத்தி வைத்தபோது அதன் விறைப்பு நூறு மடங்கு. வளைவை எதிர்க்கும் திறன் அகலத்தோடு நேர் விகிதத்திலும், வளையும் திசையிலுள்ள கனத்தோடு அதன் முப்படி விகிதத்திலும் கூடுவதே இதற்குக் காரணம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுக்குப் பதிலாக இரண்டு மில்லிமீட்டர்த் தகட்டை வைத்தால் விறைப்பு இரண்டு மடங்கன்று, எட்டு மடங்கு ஆகிவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் ஆக்கினாலே மூன்று மடங்குக்கு மேல்.

அப்படியானால் கனமான தகட்டையே வைத்துவிடலாமே! இங்குதான் பொறியியலும் உடலியலும் மோதிக்கொள்கின்றன. விரலின் முதுகில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள இடம் மிகச் சிறிது. அச்சிறு இடத்திலும், விரலை நீட்டும் தசைநாண் ஒரு மெல்லிய துணிபோல் விரிந்து எலும்பைத் தழுவிக்கொண்டிருக்கிறது. கனத்த தகடு அதன் அடியில் மேடிட்டு நின்றால், தசைநாண் அதன்மேல் உரசும், ஒட்டிக்கொள்ளும், சில வேளை தேய்ந்து அறுந்தும் போகும். அசைவுக்காக வைத்த தகடே அசைவைத் தடுத்துவிடும். விரல் எலும்பில் தகடு வைத்தவர்களிடம் மூட்டு இறுக்கம் மிகுதியாகவும், அங்கை எலும்பில் வைத்தவர்களிடம் அது குறைவாகவும் காணப்படுவது இதனாலேயே. அங்கை எலும்பின்மேல் தசைநாண் கயிறுபோல் உருண்டு ஒருபுறமாகச் செல்கிறது. தகட்டுக்குச் சற்று இடம் உண்டு. ஆதலின் அங்கை எலும்புக்கு இரண்டு மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ பருமனுள்ள திருகாணிகளையும், விரல் எலும்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர்த் திருகாணிகளையும், அவற்றுக்கேற்ற மெல்லிய தகடுகளையும் கொள்வது வழக்கமாயிற்று.

மெல்லிய தகட்டைக்கொண்டே போதிய உறுதியைப் பெறுவது எப்படி? தகட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மரக்கட்டைகளை முனையோடு முனை சேர்த்து வைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் துணிப்பட்டை ஒன்றை ஒட்டி அவற்றை இணையுங்கள். இரு மேசைகளுக்கு நடுவே பாலம்போல் அவற்றை வைத்து, துணி கீழ்ப்பக்கம் இருக்குமாறு செய்து, நடுவில் ஒரு புத்தகத்தை ஏற்றுங்கள். பாலம் நிற்கும். மேலே கட்டைகளின் முனைகள் ஒன்றையொன்று அமுக்குகின்றன. கீழே துணி இழுபடுகின்றது. இப்பொழுது கட்டைகளைப் புரட்டித் துணி மேலே வருமாறு வையுங்கள். புத்தகத்தை வைத்த கணமே பாலம் இடிந்து விழும். துணி மாறவில்லை, பாரமும் மாறவில்லை. இடம் மட்டுமே மாறிற்று.

ஜெர்மானிய மருத்துவர் பாவெல்ஸ் எலும்பு மருத்துவத்துக்குக் கொண்டுவந்த இழுவைப்பட்டை என்னும் கருத்து இதுவே. விரல்களை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளினும் வலியவை. அங்கை எலும்புகளுக்கு இடையே உள்ள சிறு தசைகளும் முறிந்த எலும்பின் முன்பகுதியை உள்ளங்கைப் பக்கமே இழுக்கின்றன. ஆகவே அங்கை எலும்பு முறிந்தால் அது புறங்கைப் பக்கம் கூன் விழுந்து நிற்கும். புறங்கைப் பக்கம் இழுபடும் பக்கம். உள்ளங்கைப் பக்கம் அமுங்கும் பக்கம். தகட்டைப் புறங்கைப் பக்கம் வைத்தால், விரலை மடக்குந்தோறும் தகடு இழுபட, எதிர்ப்பக்கத்தில் எலும்பின் முகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன. எலும்பு பாரத்தைச் சுமக்கிறது. தகடு அதைக் கட்டிப் பிடிக்கிறது. பகைவனாக இருந்த தசையின் இழுப்பே துணைவனாகி விடுகின்றது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளங்கைப் பக்கத்தில் எலும்பின் முகங்கள் உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். அங்கே எலும்பு நொறுங்கி இடைவெளி விழுந்திருந்தால், அமுக்கத்தை வாங்குவதற்கு ஆள் இல்லை. விரலை மடக்கும்போதெல்லாம் தகடு சிறிது வளையும், நீட்டும்போது நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை நீங்கள் செய்திருப்பீர்கள். ஒரே இழுப்பில் அறாத கம்பி, பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகின்றது. இதனை உலோகக் களைப்பு என்பர். நோயாளி விழித்திருக்கும் பதினான்கு மணி நேரத்தில், மணிக்குப் பத்து முறை விரலை மடக்குகிறார் என்று கொள்ளுங்கள். நாளொன்றுக்கு நூற்று நாற்பது; ஆறு வாரத்தில் ஐயாயிரத்து எண்ணூற்றுக்கு மேல். தகடு முதல் நாளில் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதைவிட, இத்தனை முறை சிறுபாரத்தைத் தாங்கித் தளராமல் நிற்குமா என்பதே முக்கியமான கேள்வி. முறிவுக்கு நேர் மேலே திருகாணியில்லாத வெறும் துளை ஒன்று இருந்துவிட்டால், தகடு பெரும்பாலும் அத்துளையில்தான் ஒடியும். அங்கே உலோகம் குறைவு, வளைவோ மிகுதி.

எலும்பு கூடுவதற்கும் தகடு களைப்பதற்கும் இடையே இவ்வாறு ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. எலும்பு விரைவில் கூடவேண்டுமானால் முறிவில் எவ்வளவு அசைவு இருக்கலாம்? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டெபன் பெரன் என்பார் 1970-களில் இதற்கு எளிய விடை கூறினார். முறிவினிடையே முதலில் தோன்றும் இளந்திசு, தன் நீளத்துக்கு நூற்றுக்கு நூறு பங்கு நீண்டாலும் அறாது. குருத்தெலும்பு நூற்றுக்குப் பத்துப் பங்குவரை தாங்கும். முதிர்ந்த எலும்போ இரண்டு பங்குக்கு மேல் தாங்காது. இதனை எண்களில் வைத்துப் பாருங்கள். முறிவின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். விரல் மடங்கும்போது அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைகிறது. திரிபு நூற்றுக்குப் பத்து. அங்கே குருத்தெலும்பு பிழைக்கும், எலும்பு பிழைக்காது. இடைவெளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, அசைவு மட்டும் முன்போலவே இருந்தால் திரிபு நூற்றுக்கு நூறு! பார்வைக்கு எலும்பு முன்னைவிட நன்றாகச் சேர்ந்திருக்கும். ஆனால் அவ்விடுக்கில் எந்த எலும்பு உயிரணுவும் பாலம் கட்ட முடியாது. முகங்களை நெருக்கிச் சேர்ப்பதானால் அசைவே இல்லாதவாறு அமுக்கிச் சேர்க்கவேண்டும். அரைகுறையாகச் சேர்த்து ஆடவிடுவதே யாவற்றினும் தீது.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் காணலாம். எலும்பு ஐந்தாறு துண்டுகளாக நொறுங்கியிருந்தால், மொத்த அசைவு பல இடைவெளிகளுக்கும் பங்கிடப்படுகின்றது. ஒவ்வோர் இடைவெளியின் திரிபும் குறைந்துவிடுகிறது. ஆதலின் நொறுங்கிய முறிவில் ஒவ்வொரு துண்டையும் தேடிப்பிடித்துத் திருக முயலாமல், இரு புறத்திலும் நல்ல எலும்பில் தகட்டை ஊன்றி நடுப்பகுதியைத் தாண்டிவிடும் முறையைக் கையாள்கின்றனர். துண்டுகளைத் தொடாமல் விட்டால் அவற்றுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் பிழைக்கும். அப்பொழுது தகடு தனியே பாரம் சுமக்கவேண்டியிருப்பதால், அது சற்று நீளமாகவும் உரமாகவும் இருக்கவேண்டும்.

திருகாணியைப்பற்றி ஒரு வார்த்தை. திருகாணியை முறுக்கும்போது அது தகட்டை எலும்போடு இறுக்குகிறது. அந்த இறுக்கத்தால் எழும் உராய்வே தகடு வழுக்காமல் காக்கின்றது. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே உராய்வெண் ஏறத்தாழ 0.4, அஃதாவது நூறு பங்கு இறுக்கினால் நாற்பது பங்கு வழுக்கலைத் தடுக்கலாம். எலும்பின் மேற்சுவர், அடிச்சுவர் ஆகிய இரண்டிலும் திருகாணி மரை பற்றியிருக்கவேண்டும். முறிவின் இரு புறத்திலும் குறைந்தது இரண்டு திருகாணிகளேனும் வேண்டும் என்பது கையறுவையில் பொதுவான நியதி. முதுமையால் எலும்பு மெலிந்தவர்க்கு மரை பிடிப்பதில்லை. இறுக்க இறுக்கத் திருகாணி வீணே சுற்றும். அவர்க்காகத் தோன்றியதே பூட்டுத் தகடு. இதில் திருகாணியின் தலையிலும் மரை உண்டு. அது தகட்டின் துளையிலுள்ள மரையோடு பூட்டிக்கொள்ளும். தகடும் திருகாணிகளும் ஒரே சட்டமாகிவிடுவதால், எலும்போடு இறுக அழுந்தி உராயவேண்டிய தேவை குறைகிறது. ஆனால் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுவது தவறு. வரிசை தவறிய எலும்பைப் பூட்டினால், தவறிய வரிசையே உறுதியாகப் பூட்டப்படும்.

இவற்றையெல்லாம் ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கின்றனர். இறந்தோர் கொடையாகத் தந்த கைகளின் எலும்புகளையோ, பிளாஸ்டிக்கில் வார்த்த எலும்புகளையோ அறுத்து, தகட்டாலும் கம்பியாலும் இணைத்து, பொறியில் வைத்து வளைத்தும் முறுக்கியும் பார்க்கின்றனர். 1980-களில் அங்கை எலும்புகளில் நடந்த இத்தகைய ஒப்பீடுகளில், வளைவை எதிர்ப்பதில் புறங்கைப் பக்கத்துத் தகடு கம்பிகளைவிட மேம்பட்டு நின்றது. இக்கம்பிகள் ஜெர்மானியர் கிர்ஷ்னர் 1909-இல் புகுத்தியவை; மரையில்லாத வழவழப்பான கம்பிகள். அவை முறிவை அமுக்கா; நாளடைவில் நழுவவும் கூடும். ஆனால் தோலை விரியத் திறக்காமல் குத்தியே செலுத்தலாம். பொறி சொல்லும் மதிப்பெண்ணில் கம்பி தோற்கலாம். தசைநாணுக்கு ஊறு செய்யாமையில் அது வெல்லும். மேலும், பொறியில் வைத்த எலும்புக்குத் தசைநாண் இல்லை, தோல் இல்லை, நாளுக்கு நாள் கூடும் இயல்பும் இல்லை. வெறும் விரலை மெல்ல மடக்கி நீட்டும்போது எழும் விசை, இறுகப் பற்றும்போது எழுவதில் சிறு பங்கே. அச்சிறு பங்கைத் தாங்கும் உறுதியே முதல் வாரங்களில் நமக்குத் தேவை. அதற்கு மேற்பட்ட உறுதியை வாங்க, திசுக்களை எவ்வளவு அறுத்து விலை கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடந்த சில ஆண்டுகளில், தலையில்லாத நீண்ட திருகாணி ஒன்றை அங்கை எலும்பின் உட்குழலிலேயே செலுத்தும் முறை பரவி வருவது இந்தக் கணக்கினால்தான்.

அண்மையில் பரவிய இன்னொரு முறையை என்னால் வியவாதிருக்க முடியவில்லை. கனடாவைச் சேர்ந்த லலோண்டு என்னும் மருத்துவரும் அவரைப் பின்பற்றுவோரும் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதில்லை. கையில் மட்டும் உணர்விழக்கச் செய்யும் மருந்தை ஊசியால் ஏற்றி, இரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டையும் கட்டாமல் அறுவை செய்கின்றனர். தகட்டைப் பொருத்தியதும், விழித்துக்கொண்டிருக்கும் நோயாளியிடம், "விரல்களை மடக்குங்கள், பார்ப்போம்" என்று சொல்கின்றனர். அவர் மடக்குகிறார். விரல் நேரே சென்றால் தோலைத் தைக்கலாம். பக்கத்து விரலின்மேல் ஏறினால் திருகாணியைத் தளர்த்தி, ஐந்து பாகையைத் திருத்திவிட்டு மறுபடி முறுக்கலாம். மடக்கும்போது முறிவு ஆடுகிறதா என்பதையும் அப்போதே கண்ணால் காணலாம். நோயாளியின் சொந்தத் தசைகளே அங்கே பொறியாகிச் சோதனை நடத்திவிடுகின்றன.

நான்கு முதல் ஆறு வாரங்களில் முறிவு பெரும்பாலும் பற்றிக்கொள்கிறது. தகட்டால் நன்கு அமுக்கிய முறிவில் சுற்றிலும் புது எலும்பு திரளாததால், எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்து நாளைச் சொல்வது எளிதன்று. தொட்டால் வலி உண்டா என்பதையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். பிறகு எலும்பு பாரத்தைச் சிறிது சிறிதாகத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் அங்கே தகட்டுக்கு வேலை இல்லை. ஊறு செய்யாவிட்டால் பலர் அதை அப்படியே விட்டுவிடுகின்றனர். தசைநாணை உரசினாலோ, குளிர்ச்சியில் நொந்தாலோ, தோலுக்கடியில் நெருடினாலோ எடுத்துவிடுவர். எடுத்த பின்னர்த் திருகாணி இருந்த துளைகள் எலும்பால் நிரம்பச் சில வாரங்கள் ஆகும். சுண்ணக்கட்டியில் ஊசியால் துளையிட்டு வளைத்தால் அத்துளையின் வழியேதான் முறியும். எலும்பும் அதுவரை அவ்வாறே. ஆகவே தகடு எடுத்த சில வாரங்களுக்குப் பந்தாட்டமும் பாரந்தூக்குதலும் வேண்டா என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். எழுதலாம், உண்ணலாம், பொத்தான் மாட்டலாம்.